எட்டுத் தறி வைத்திருப்பவர் முதலாளியா, தொழிலாளியா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் பிளஸ் ஒன் பாடக் கேள்வி: உற்பத்திக் காரணிகளின் அடிப்படைப் பண்புகள் என்ன? ஆனால் விஷயம் இருப்பது கேள்வியின் பின்பாதியில். கோவை மாவட்டம் சோமனூர் பக்கம் உங்கள் வீட்டில் எட்டு விசைத்தறி ஓடுகிறது. பாவும் ஊடையும், அதாவது நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடும் நூலை, வேறொருவர் கொடுக்கிறார். அப்பா நெய்து துணியாகத் திருப்பிக் கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். அம்மா தார் சுற்றுகிறார், அதாவது ஊடை நூலைத் தறிக்கான குச்சிகளில் சுற்றிக் கொடுக்கிறார். ராத்திரி ஷிப்டுக்கு ஓர் ஆள். புத்தகத்தில் நிலம், உழைப்பு, மூலதனம், தொழில்முனைவு என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறது. அப்பாவை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று கேட்கிறீர்கள். கூடவே, அந்த நூல் யாருடைய மூலதனம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பல்லடம் பக்கம் ஒரு கல்லூரியில் 27 வருடம் பொருளியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தக் கேள்வியை வருடத்துக்கு ஒருவராவது கேட்பார். கேட்பது எப்போதும் தறிக்குடோன் (தறி ஓடும் கொட்டகை) வீட்டுப் பிள்ளைகளும் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகளும்தான். அப்பா மாதச் சம்பளக்காரராக இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பமே வராது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். காரணி என்பது ஆளின் பெயர் இல்லை, வேலையின் பெயர். ஒரு பொருள் உருவாகும்போது எது எதற்கெல்லாம் பலன் கொடுத்தாக வேண்டியிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கு வைத்த பெயர்கள் அவை. நிலத்துக்குக் கொடுப்பது வாரம், உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, தொழில்முனைவுக்கு இலாபம். ஒரே ஆள் நான்கையும் கொண்டுவந்து வைக்கலாம். நான்கும் நான்கு பேரிடம் இருந்தால் புரிவது சுலபம், அவ்வளவுதான். வாரம் என்றதும் ஏழு நாள் என்று நினைத்துப் பரீட்சையில் எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். இது ‘காட்டை வாரத்துக்கு விட்டிருக்கிறோம்’ என்று நம் ஊரில் சொல்லும் அந்த வாரம். விளைச்சலில் நிலத்துக்காரனுக்குப் போகும் பங்கு.

காரணிகள் வெவ்வேறு ஆட்களிடம் பிரிந்து கிடக்கும் இடத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதுவும் என் சொந்தச் செலவில். காங்கேயம் பக்கம் எங்களுக்கு ஒரு தோட்டம். கிணறு வற்றிப்போனதும் போர் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு வரப்பு ஓரமாக நடந்தார். ஓர் இடத்தில் தேங்காய் நிமிர்ந்து நின்றது. ராத்திரி பத்து மணிக்குப் போர் போடும் ரிக் வண்டி வந்தது. வண்டி திருச்செங்கோட்டு வண்டி, ஆட்கள் வடக்கத்திப் பையன்கள். விடிய விடிய ஓடியது. 900 அடி வரைக்கும் வெள்ளைத் தூசிதான் பறந்தது, ஈரமே இல்லை. காலையில் ரிக்காரர் அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டார். பையன்களுக்குச் சம்பளம் உண்டு. தேங்காய்க்காரருக்கும் காசு முதல் நாளே கொடுத்தாயிற்று. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இவர்கள் மூவருக்கும் கிடைப்பது கிடைத்தே தீரும். மிச்சத்தை வாங்கிக்கொள்ள நின்றது நான் ஒருவன்தான்; மிச்சம் ஒரு குழி.

பாடத்தில் வரும் பண்புகள் எல்லாம் அந்த ராத்திரிக்குள் அடங்கும். அதனால் அங்கிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நிலம் என்று பொருளியல் சொல்வதில் மண் மட்டும் இல்லை. மழை, ஆறு, நிலத்தடி நீர், தாதுக்கள், காற்று, வெயில் என மனிதன் செய்யாமல் இயற்கையாகக் கிடைக்கும் எல்லாமே அதில் சேரும். புத்தகம் சொல்லும் பண்புகள்: அது இயற்கையின் கொடை, அதன் அளவு மாறாது, நகர்த்த முடியாது, அழியாது, இடத்துக்கு இடம் தரம் வேறுபடும். கடைசியாகச் சொன்னதை நம் ஊர்க்காரருக்கு விளக்கவே வேண்டியதில்லை. மானாவாரியாக விதைத்தால் காடு, கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல் என்று பேச்சிலேயே தரம் பிரித்து வைத்திருக்கிறோம். இந்தத் தர வேறுபாட்டை வைத்துத்தான் 1817இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ வாரம் என்பதையே விளக்கினார். சாகுபடிக்கு வந்ததிலேயே மட்டமான நிலத்தில் செலவு போக எதுவும் மிஞ்சாது. அதைவிட நல்ல நிலத்தில் கூடுதலாக மிஞ்சுவதுதான் வாரம்.

அளவு மாறாது என்பது நாட்டுக்கு மொத்தமாகச் சரி, ஒரு பயன்பாட்டுக்கு என்று பார்த்தால் சரி இல்லை. பல்லடம் சாலையில் ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள். சோளம் விதைத்த காடுகள் கல் நட்டு சைட் ஆகியிருக்கும். வீட்டுமனைக்கான நிலத்தின் அளிப்பு, அதாவது கிடைக்கும் அளவு, கூடியிருக்கிறது, சோளத்துக்கானது அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. பரீட்சையில் ‘நிலத்தின் அளிப்பு நிலையானது’ என்று எழுதிவிட்டு, ‘சமுதாயத்துக்கு மொத்தமாக’ என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.

அழியாது என்பதில்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். ரிக்கார்டோ நிலத்துக்கு மூலமான, அழியாத ஆற்றல் இருப்பதாகச் சொன்னார். அவர் நொய்யலைப் பார்த்ததில்லை. வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேர்கிற அந்த ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்கென்று திறக்கப்பட்டது. சில வருடங்களிலேயே அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. கடைசியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. உப்பேறிய தோட்டத்தில் போய் நின்றுகொண்டு நிலம் அழியாதது என்று சொல்ல வாய் வராது. இடம் என்ற அளவில் நிலம் அழியாது, வளம் அழியும். இப்படிப் பிரித்துச் சொன்னால்தான் அந்தப் பண்பு நிற்கும்.

இயற்கையின் கொடை என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கீழ்பவானி வாய்க்கால் பாயும் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது. 200 கிலோமீட்டர் நீள வாய்க்கால், 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். அதற்கு முன் அவற்றில் பெரும்பகுதி புஞ்சைக் காடு. ஆக, இன்றைக்கு அந்த வயலுக்குக் கிடைக்கும் குத்தகையில் எவ்வளவு மண்ணுக்கு, எவ்வளவு அணைக்கும் வாய்க்காலுக்கும்? அணை மனிதன் கட்டியது, கணக்குப்படி மூலதனம். காலிங்கராயன் வாய்க்கால் இன்னும் மோசம். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. 700 வருடத்துக்கு முன் போட்ட முதலுக்கு இன்றைக்கு வட்டி கணக்குப் பார்க்க முடியுமா? நெடுங்காலம் ஆகிவிட்டால் நிலத்தில் கலந்த மூலதனம் நிலமாகவே ஆகிவிடுகிறது என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். நிலத்தைத் தனிக் காரணியாக வைக்காமல் மூலதனத்தோடு சேர்த்துவிடும் பொருளியலாளர்கள் நிறையப் பேர் உண்டு, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

உழைப்புக்கு வருவோம். மற்ற மூன்றையும்விட இது வேறு ஜாதி. முதல் பண்பு, சேமித்து வைக்க முடியாது. பகலெல்லாம் கரண்ட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பீமில் (தறியின் உருளையில்) சுற்றிய பாவு நாளைக்கும் அப்படியே இருக்கும். தறியும் அங்கேயேதான் இருக்கும். தறி ஓட்ட வந்தவருடைய அந்தப் பகல் மட்டும் போனது போனதுதான். அதனால்தான் உழைப்பை விற்கிறவருக்குப் பேரம் பேசும் வலு குறைவு என்று புத்தகம் சொல்கிறது. நாளைக்கு விற்றுக்கொள்ளலாம் என்று இன்றைய உழைப்பைக் கட்டி வைக்க முடியாதே.

இரண்டாவது, உழைப்பை உழைப்பாளியிடமிருந்து பிரிக்க முடியாது. நூலை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கலாம். உழைப்பை அப்படி அனுப்ப முடியாது, ஆளே கூடப் போக வேண்டும். தறி ஓட்டுகிறவர்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாடா (ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் ஓடம்) ஓடும் தறிச் சத்தத்தில் 20 வருடம் நின்ற காது அப்படித்தான் ஆகும். அப்பா விற்றது உழைப்பை. காது கணக்கில் வரவே இல்லை, ஆனால் அதுவும் சேர்ந்தே போனது. பஞ்சுத் தூசியை மூச்சில் இழுக்கிற மில் தொழிலாளிக்கும் இதே கதைதான். ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் இதை அழகாகச் சொல்வார்: தொழிலாளி தன் வேலையை விற்கிறான், தன்னை விற்பதில்லை. விற்கவில்லை, சரி. தேய்மானம் மட்டும் அவனுடையது.

மூன்றாவதாக, உழைப்பு அவ்வளவாக இடம்பெயராது என்று பழைய புத்தகங்களில் இருக்கும். திருப்பூரில் இருந்துகொண்டு இதைப் பாடமாக நடத்துவது கஷ்டம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி வந்து பனியன் கம்பெனித் தையல் மிஷின் வரிசையில் (பவர் டேபிள்) உட்காருகிறார்கள். ஆனாலும் அந்தப் பண்பு முழுப் பொய் இல்லை. ஊர்த் திருவிழா வந்தால் கம்பெனியில் பாதி மிஷின் நிற்கிறது. ஆள் வந்தாலும் வேர் வரவில்லை. அப்புறம் முன்பணம் என்று ஒன்று இருக்கிறதே, பக்கத்துக் குடோனில் மீட்டருக்கு நாலு காசு கூடுதல் என்றாலும் வாங்கிய முன்பணத்தைக் கழிக்காமல் ஓர் ஆள் போய்விட முடியாது. உழைப்பு நகராமல் இருப்பதற்குச் சோம்பலோ ஊர்ப்பற்றோ மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். கடனும் கட்டிப்போடும்.

மூலதனத்தில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். காரணம், நம் ஊர்ப் பேச்சு. ‘எவ்வளவு மொதலு போட்டிருக்கீங்க?’ என்று கேட்டால் பதில் லட்சத்தில் வரும். வியாபாரத்தில் முதல் என்றால் பணம். பொருளியலில் பணம் மூலதனத்துக்கான வழி மட்டுமே; தறிதான் மூலதனம். மேலும் பொருள் செய்வதற்கென்று மனிதன் செய்து வைத்த பொருள் எதுவோ அது. இயற்கையாகக் கிடைக்காது, தானாக வேலை செய்யாது, தேயும், ஆனால் உழைப்போடு சேர்ந்தால் உற்பத்தியைப் பல மடங்காக்கும். இன்றைக்குச் சாப்பிடாமல் மிச்சம் பிடித்தால்தான் அது உருவாகும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மூலதனம்தான் எல்லாவற்றையும்விட வேகமாக நகரும் என்பார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ராஜஸ்தான் வரை போய் அடித்துவிட்டு வருகிறது, அதற்கு அது பொருந்தும். உங்கள் வீட்டுத் தறிக்குப் பொருந்தாது. பணமாக இருக்கும் வரை மூலதனம் எங்கு வேண்டுமானாலும் போகும். தறியாக மாறி, தளத்தில் போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் நெசவைத் தவிர வேறு எதற்கும் ஆகாது. நெசவு படுத்த காலங்களில் ஓடுகிற நிலையில் இருந்த தறிகளையே பழைய இரும்பாக கிலோக் கணக்கில் எடை போட்டு விற்றவர்கள் நம் பக்கம் உண்டு. அந்தத் தறிகள் தேய்ந்துபோயிருக்கவில்லை. அவற்றுக்கு வேலைதான் இல்லாமல் போனது. இப்படி மாற்று வழி இல்லாத இயந்திரத்துக்குக் கொஞ்ச காலத்துக்குக் கிடைக்கும் வருமானத்தை வட்டி என்று சொல்வதா, வாரம் என்று சொல்வதா என்ற கேள்விக்குத்தான் மார்ஷல் ‘போலி வாரம்’ என்று ஒரு பெயர் வைத்தார். மேல்நிலைப் பாடத்தில் இரண்டு வரியில் வரும். உங்கள் குடோனை மனத்தில் வைத்துப் படித்தால் மறக்காது.

அந்த நூல் யாருடைய மூலதனம் என்று கேட்டீர்கள். கொடுத்தவருடையது. தறி போலப் பல வருடம் நிலைத்து நிற்பது நிலை மூலதனம். ஒரே தடவையில் துணியாகிக் காணாமல் போகும் நூல், பசை போன்றவற்றைச் சுழல் மூலதனம் என்று பழைய வழக்கில் சொல்வார்கள். நாட்டு வருமானக் கணக்கு போடுகிறவர்கள் நூலைக் காரணியாகவே எடுப்பதில்லை. இடைநிலைப் பொருள் என்று கழித்துவிட்டு, கூட்டிய மதிப்பை மட்டுமே காரணிகளுக்குப் பிரிப்பார்கள். இரண்டும் சரிதான், எந்தக் கணக்கு என்று சொல்லிவிட்டு எழுதினால் போதும். மின்சாரமும் இதே வகை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் என்று இருந்த இலவச மின்சாரம் 2023இல் 1,000 யூனிட் ஆனது. அது காரணி இல்லை, ஆனால் காரணிகளுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதை அதுவும் தீர்மானிக்கிறது.

நான்காவது, தொழில்முனைவு. மார்ஷல் 1890இல் இதை ‘அமைப்பு’ என்ற பெயரில் நான்காவதாகச் சேர்த்தார். அதற்கு வெகுகாலம் முன்பே, இறந்தபின் 1755இல் அச்சான நூலில் கான்டிலோன் என்பவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்கிறவன். அமெரிக்கப் பொருளியலாளர் பிராங்க் நைட் 1921இல் இதை இன்னும் கூராக்கினார். தீ விபத்து போன்ற இடரைக் கணக்கிட்டுக் காப்பீடு எடுத்துவிடலாம். கணக்கிடவே முடியாத நிச்சயமின்மை ஒன்று இருக்கிறது, அதைத் தாங்குவதற்குக் கிடைப்பதே இலாபம் என்றார். என்னுடைய 900 அடிக் குழிக்கு எந்தக் கம்பெனியும் காப்பீடு தராது. ஷும்பீட்டர் என்ற பொருளியலாளருக்கு இது போதவில்லை. புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறவன்தான் தொழில்முனைவோன், இடரைத் தாங்குவது பணம் போட்டவன் வேலை என்றார். இதில் சண்டை இன்னும் முடியவில்லை. தொழில்முனைவு உழைப்பிலேயே ஒரு வகை, தனிக் காரணியாகச் சொல்ல வேண்டியதில்லை என்பவர்களும் உண்டு. ஆக, நான்கு என்பது பாடத்திட்டத்தின் எண்ணிக்கை. உயர்படிப்புக்குப் போனால் பெரும்பாலான கணக்குகளில் உழைப்பு, மூலதனம் என்று இரண்டுதான் இருக்கும்.

சரி, அப்பாவுக்கு வருவோம். அவர் வாங்குவதன் பெயர் கூலி. அந்தப் பெயரை நம்பி உழைப்புக் கட்டத்தில் வைத்துவிடாதீர்கள். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுகிறேன், எண்கள் எல்லாம் நான் வைத்துக்கொண்டவை. மாதம் நெசவுக் கூலியாக 72,000 ரூபாய் வருகிறது. ராத்திரி ஷிப்ட் ஆளுக்கு 18,000, கரண்டுக்கு 6,000, நாடா, எண்ணெய், உதிரி, ரிப்பேருக்கு 5,000. மிச்சம் 43,000. வீட்டில் எல்லோரும் இதைத்தான் வருமானம் என்பார்கள்.

இப்போது அதைப் பிரிக்கலாம். அப்பா இதே ஷிப்டைப் பக்கத்துக் குடோனில் ஓட்டினால் 18,000 கிடைக்கும். அம்மா வெளியில் தார் சுற்றினால் 10,000. இந்த 28,000 உழைப்பின் பங்கு. குடோனை வாடகைக்கு விட்டால் 6,000 வரும். இதில் மனைக்குச் சேர்வது வாரம், கட்டடத்துக்குச் சேர்வது மூலதனத்தின் பங்கு. இரண்டையும் வாடகை என்று ஒன்றாகவே வாங்குகிறோம். எட்டுத் தறியும் இன்றைக்கு விற்றால் 3 லட்சம் பெறும், அதை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 1,750 வட்டி. தறித் தேய்மானத்துக்கு 3,000 ஒதுக்குங்கள். மொத்தம் 38,750. ஆக 43,000இல் தொழில்முனைவுக்கு மிஞ்சுவது 4,250. கூலி விகிதத்தில் ஆறு சதவீதம் குறைந்தாலே அது துடைத்துக்கொண்டு போய்விடும். அப்போதும் கையில் 38,000 வந்துகொண்டிருப்பதால் நஷ்டம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது. தன் சம்பளத்தையே இலாபம் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தொழில் நடத்துவது இப்படித்தான் நடக்கிறது. என் அப்பா தோட்டத்தில் செய்ததும் இதேதான்.

இன்னொன்றும் பாருங்கள். நூல் கொடுப்பவர் தெரிந்த விலைக்கு நூல் வாங்கி, தெரிந்த கூலி கொடுத்து, தெரியாத விலைக்குக் காடா துணியை (சாயமேற்றாத துணி) விற்கிறார். துணி அவருடையது. கான்டிலோன் சொன்ன ஆள் அவர்தான். ஆனால் அப்பாவும் முழுக்கப் பத்திரமான இடத்தில் இல்லை. மீட்டருக்கு எவ்வளவு என்பது தெரியும். மாதத்துக்கு எத்தனை பாவு வரும் என்பது தெரியாது. துணி தேங்கினால் நூல் கொடுப்பவர் பாவு கொடுப்பதை நிறுத்துவார், உங்கள் தறி நிற்கும், குடோனுக்கு வாங்கிய கடனின் தவணை நிற்காது. விலை இடர் அவர் தலையில், ஓட்டத்தின் இடர் அப்பா தலையில். அதனால் என் பதில்: அப்பா ஒரே நேரத்தில் உழைப்பாளி, மூலதனக்காரர், கொஞ்சம் தொழில்முனைவோர். ராத்திரி ஷிப்ட் ஆளுக்கு முதலாளி, நூல் கொடுப்பவருக்கு முன்னால் ஏறக்குறைய கூலிக்காரர். சோமனூர், பல்லடம், அவிநாசி வட்டாரத்தில் 2022இலும் 2025இலும் தறிகளை நிறுத்திப் போராடினார்களே, அவர்கள் கேட்டது ‘கூலி உயர்வு’. தறியும் குடோனும் சொந்தமாக வைத்திருப்பவர்கள்தான் கேட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியவே புரியாது. நம் பக்கம் கறிக்கோழிப் பண்ணையும் இதே ஏற்பாடு. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை, ஷெட்டும் தண்ணீரும் ஆளும் பண்ணைக்காரருடையவை, கிடைப்பதன் பெயர் வளர்ப்புக் கூலி.

இப்படிக் கலந்து கிடக்கும் வருமானத்தைப் பிரிக்க முடியவில்லை என்று அரசுப் புள்ளிவிவரக்காரர்களே ஒப்புக்கொண்டு, நாட்டு வருமானக் கணக்கில் ‘கலப்பு வருமானம்’ என்று தனி வரி வைத்திருக்கிறார்கள். சுயதொழில் வீடுகள் எல்லாம் அதில்தான். விடைத்தாளில் அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்றால் இந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள்.

பிரிக்கும்போது வரும் சண்டை வெறும் ஏட்டுச் சண்டையும் இல்லை. பயிருக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வைக்கும்போது சாகுபடிச் செலவை மூன்று விதமாகக் கணக்கிடுகிறார்கள். ஏ2 என்பது கையிலிருந்து போன செலவு. அதோடு குடும்பத்தார் உழைப்புக்கு ஒரு கூலி மதிப்புப் போட்டால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்துக்கு வாரமும் சொந்த மூலதனத்துக்கு வட்டியும் சேர்த்தால் சி2. மத்திய அரசு 2018இல் செலவைப்போல ஒன்றரை மடங்கு விலை என்று அறிவித்தபோது எடுத்துக்கொண்டது இரண்டாவது கணக்கை. உழவர் சங்கங்கள் கேட்பது மூன்றாவதை. சொந்தக் காட்டுக்கு வாரம் போடலாமா கூடாதா என்பதுதான் அந்தப் போராட்டத்தின் பாதி.

நான் உறுதியாகச் சொல்ல முடிவது இவ்வளவு: ஒவ்வொரு காரணிக்கும் தனித் தன்மை இருக்கிறது, அதற்கான பலனும் தனி, ஒரே ஆளிடம் பல காரணிகள் சேரலாம். இனி வருவது விவாதத்தில் இருப்பது. ஒவ்வொரு காரணிக்கும் அது உற்பத்தியில் கூட்டிய அளவுக்கே பலன் கிடைக்கிறது என்று ஒரு கோட்பாடு உண்டு. ஜே.பி. கிளார்க் 1899இல் விரித்து எழுதியது. சந்தையில் போட்டி முழுமையாக இருந்தால் அது சரியாக வரலாம். ஒரு வட்டாரத்தில் நூல் கொடுப்பவர்கள் சிலரும் தறிக்காரர்கள் ஆயிரக்கணக்கிலும் இருக்கும்போது கூலியைத் தீர்மானிப்பது பேர வலுவும்தான் என்பது என் கருத்து. இதை நீங்கள் விடைத்தாளில் எழுத வேண்டாம், மதிப்பெண் வராது. அப்புறம், அப்பா தொழிலாளர் சட்டப்படி தொழிலாளியா என்பது வேறு கேள்வி. பொருளியல் அதற்குப் பதில் சொல்லாது. சட்டம் தெரிந்தவரைக் கேட்க வேண்டும்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், ‘அம்மா சும்மா தார் சுற்றுவாங்க’ என்று. அந்த ‘சும்மா’வை எடுத்துவிடுங்கள். சம்பளம் கைமாறாவிட்டாலும் அது உழைப்புதான், நான் போட்ட கணக்கில் 10,000 ரூபாய். மேலே சொன்னவை என் எண்கள். உங்கள் வீட்டு எண்களை வைத்து ஒருநாள் அப்பாவோடு உட்கார்ந்து இதையே போட்டுப் பாருங்கள். தார் சுற்ற வெளியில் என்ன கூலி என்று பக்கத்துக் குடோனில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.